கீழ் அடுக்கில் இருந்த ஐஸ்

குளிர்பெட்டியின் பின்புறத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தம்பி தரையில் குப்புறப் படுத்திருந்தான். பெட்டிக்குள், கண்ணாடி மூடிக்குக் கீழே, அக்கா கண்மூடிக் கிடந்தாள்.

"எந்திரிங்கண்ணே," என்றார் பெட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரர். "துக்க வீட்டுக்காரங்களே பெட்டிய ரிப்பேர் பாத்து நான் பாத்ததில்ல."

"ஃபேன்ல தூசி. அதான் கரகரன்னு சத்தம். எடுத்துட்டேன்."

ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அக்கா கடலையும் துருவப் பனியையும் ஆராய்ந்தவள். "நமக்கு ஒரே தொழில்தான்டா. கரண்ட் போனா உனக்குப் பால் கெடும், எனக்குப் பல ஆயிரம் வருஷம் கெடும்," என்று சொல்லிச் சிரிப்பாள்.

எல்லோரும் சேர்ந்திருந்த அக்கா வீட்டு ஃப்ரீசரில் மேல் அடுக்கு வீட்டுக்கு, கீழ் அடுக்கு அவளுக்கு. கீழே ஒரு பையில், தென்துருவத்தில் ஆழத் துளையிட்டு எடுத்த, பல ஆயிரம் வருஷப் பழைய பனி இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. இன்று விடியற்காலையில், நோயில் படுத்திருந்த அக்கா, "வாய் காயுதுடா. ஐஸ் குடு," என்று முனகினாள். வெளிச்சம் பட்டால் அவளுக்குக் கண் கூசும். அவன் விளக்கைப் போடாமலே போய், கைக்குக் கிடைத்ததை உடைத்து, டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்தான். டம்ளருக்குள் ஏதோ சடசடவென்று பொரிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா டம்ளரை வாங்கிக் காதருகில் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் ஸ்பூனால் ஊட்ட ஊட்டச் சப்பினாள். வலியில் சுருங்கியே கிடந்த நெற்றி மெல்ல விரிந்தது.

"நல்லாருக்குடா," என்றாள்.

அவள் பேசியது அவ்வளவுதான். மூச்சு நின்றபோது, இனி அவளுக்கு வலியில்லை என்று அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். ஸ்பூனைக் கழுவி வைக்கப் போனபோதுதான் ஃப்ரீசர் கதவு சரியாக மூடாதிருந்ததைக் கண்டான். மேல் அடுக்கில் வீட்டு ஐஸ் அப்படியே இருந்தது. கீழ் அடுக்குப் பையில் கட்டைவிரல் அளவு துண்டு ஒன்றே மிச்சம்.

கடல் எவ்வளவு வேகமாக ஏறும் என்று அக்கா சொன்னதைப் பல பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை. "சந்தேகமா இருந்தா பனியையே கேளுங்க," என்பாள் அவள். அந்தச் சாட்சியைத்தான் அவன் ஊட்டித் தீர்த்திருந்தான். அக்காவிடம் படித்து அவளோடு வேலை பார்த்த பெண் வந்துகொண்டிருந்தாள். மேடம் வைத்திருக்கும் பனியையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஃபோனில் சொல்லியிருந்தாள்.

"மறைக்காம சொல்லிடுங்க," என்றாள் அவன் மனைவி. "வேணும்னேவா செஞ்சீங்க? கடவுளுக்குத் தெரியும்."

வண்டிக்காரர் தகட்டைத் திருகிக்கொண்டே கேட்டார். "அம்மா என்ன வேல பாத்தாங்கண்ணே?"

"கடல் எவ்வளவு ஏறும்னு கணக்குப் போட்டாங்க."

திருகிய கை நின்றது. "எங்க தெருவையே மேட்டுக்கு மாத்துனாங்க. யாரோ ஒரு மேடம் கணக்குப் போட்டுச்சாம். கடலோரத்துலயே பொறந்தவன், எனக்குத் தெரியாததா அந்தம்மாவுக்குத் தெரியப்போகுதுன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். போன புயல்ல பழைய வீட்டுல ஜன்னல் வரைக்கும் தண்ணி. பிள்ளைங்க மேட்டுல நிம்மதியா தூங்கிட்டிருந்துச்சுங்க." கண்ணாடியை எட்டிப் பார்த்தார். "இவங்களா?"

"இவங்கதான்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை ஓரம் விடாமல் துடைத்தார்.

தம்பிக்குப் பாரம் கூடியது. இன்னும் எத்தனை தெருக்கள் மேட்டுக்குப் போகவேண்டியிருக்கிறதோ. இனி கேட்கிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

அந்தப் பெண் வந்தாள். பெட்டியருகே உட்கார்ந்து அழுதாள். அழுகை அடங்கியதும் தம்பி அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய், ஃப்ரீசரைத் திறந்து, நடந்ததைச் சொன்னான். அவள் பையைத் தூக்கிப் பார்த்தபடியே நின்றாள்.

"சத்தத்தக் கேட்டாங்களா மாமா?"

"கேட்டாங்க. டம்ளர வாங்கிக் காதுகிட்ட வச்சுக்கிட்டாங்க."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது மிச்சம் மாமா. அளக்க வேண்டியதெல்லாம் எப்பவோ அளந்தாச்சு. சந்தேகப்பட்டவங்களும் தனியா வேற இடத்துல துளை போட்டுப் பாத்து, மேடம் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. இத தூக்கிப்போட மனசு வராம வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் கரண்ட் செலவுன்னுதான் நான் எடுத்துக்கறேன்னேன்."

"அப்புறம் ஏன் யாரையும் தொட விடல?"

"நீங்க ஜூஸ்ல போட்டுக் குடிச்சிடுவீங்கன்னு பயம். என்கிட்டயே சொல்லியிருக்காங்க."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. அக்கா போன பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது.

"அதுக்குள்ள ரொம்பப் பழைய காலத்துக் காத்து அடைஞ்சு கிடக்கு மாமா. உருகும்போது வெடிச்சு வெளிய வரும், அந்தச் சத்தம்தான். கையில வாங்கினதுமே மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் என்னைத் திட்டல," என்றான். "நல்லாருக்குடான்னாங்க."

மிச்சமிருந்த துண்டைப் பையிலிருந்து எடுத்து அவன் கையிலேயே வைத்தாள் அவள். அவன் அதை அதே டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அக்காவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தான்.

அதற்குள் புறப்படும் நேரம் வந்துவிட்டது. வண்டிக்காரர் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றதும் கூடம் அமைதியானது.

"என்னண்ணே, ஏதோ பொரியுதே?"

தம்பி டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, காதோடு வைத்துக்கொண்டார். வாசலில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.