மருந்துதான் தூங்குது

அஸ்மத்துக்கு மந்தபுத்தி என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் தன் தலைவலி தீர்ந்துவிடும் என்று தலைமையாசிரியர் பரசுராமன் நினைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. வலிப்பு வந்து அந்தப் பெண் வகுப்பில் விழும்போதெல்லாம் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். ஓடி வந்து பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ.

வாரத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் நகராட்சி நர்ஸ் தனம்தான் அந்தச் சாவியைப் பிடுங்கிப் போட்டவள். அஸ்மத்தை வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டி, தினம் காலையில் போட மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வலிப்பு நின்றது. ஆனால் மூன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை பாதி நேரம் கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

எழுபத்தொன்பதாம் வருஷம். உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆண்டு என்று கொண்டாடினார்கள். அந்தச் சுறுசுறுப்பில், படிப்பு ஏறாத பிள்ளைகளைச் சோதித்து வெளியூர்ச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப ஒரு டாக்டர் வரப்போவதாக உத்தரவு வந்தது. சிறப்புப் பள்ளி என்றால் விடுதியில் தங்க வேண்டும். அவள் அப்பா, தகரப்பெட்டிக் கடை சர்தார், விழுந்து விழுந்து எழும் மகளை விடுதியில் விட்டுவிட்டு வருவாரா? வீட்டில்தான் உட்கார வைப்பார். படிப்பு அத்தோடு சரி. இது பரசுராமனுக்கும் தெரியும், அஸ்மத்தின் அம்மா ஜஹானாராவுக்கும் தெரியும்.

ஜஹானாரா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறையில் வந்து நின்றாள். தனமும் இருந்தாள்.

"சார், இவ மக்கு இல்ல" என்றாள் தனம். "டோஸ் ஜாஸ்தி. கம்மி பண்ணச் சொல்லி வேலூருக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும். மருந்துதான் தூங்குது சார், புள்ள தூங்கல."

ஜஹானாரா முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. அஸ்மத் வழக்கம்போல அரைக்கண் மூடி நின்றாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேலூரிலிருந்து பதில் வருவதற்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் உடம்புக் கதையையும் சொல்வதற்காகத் தனம் தலைமையாசிரியர் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அஸ்மத்தின் முறை வந்தபோது, அரைக்கண்ணோடுதான் வருவாள் என்று நினைத்தாள். ஆனால் வந்தவள் கண்ணை அகலத் திறந்துகொண்டு வந்தாள். படங்களைச் சொன்னாள். இருபதிலிருந்து தலைகீழாக எண்ணினாள்.

"மேற்கு எதும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அஸ்மத் வாசல் வழியாகக் கையை நீட்டினாள். "தோ, மலை இருக்குதே, அது. ஆனா செங்கம் ரோட்டுல நின்னா மலை வடக்க வந்துடும் சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணையா அனுப்பணும்னு சொன்னீங்க?" என்று பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அஸ்மத் தனத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நர்சக்கா, இன்னிக்கி மருந்து தூங்கல."

தனம் அவள் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். நாளாக ஆக உடம்புக்கு மாத்திரை பழகிவிடுவது உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் இருப்பவர்கள் எதைத்தான் துருவிக் கேட்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் அஸ்மத் விழுந்தாள். இந்த முறை வலிப்பு நிற்கவே இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. சர்தார் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஊசி போட்டும் கேட்காமல் வாடகைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பிய ஜஹானாரா மகளின் பையை உதறியபோது, சிலேட்டுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. உள்ளே அத்தனையும் மாத்திரை. எச்சில் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காலையில் வாங்கிக் கன்னத்தில் அடக்கி, தெருமுனையில் துப்பி, பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். மருந்தைக் கீழே போடக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை.

வேலூருக்குக் கூடவே போயிருந்த தனம் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பேச்சு. அதைப் பிள்ளையே நம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் இப்படி ஓர் ஆசையா? பாவிப் பெண்ணே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அஸ்மத் பிழைத்தாள். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தாள். அதற்குள் பள்ளியில் சோதித்த டாக்டரின் முடிவும் வந்திருந்தது: புத்தி நன்றாக இருக்கிறது, இதே பள்ளியில் படிக்கலாம்.

"ரிஜிஸ்டர்ல இருந்து பேர நான் எடுக்கலம்மா" என்றார் பரசுராமன் தனத்திடம். "ஆனா இப்ப இருக்கிற நிலைய பார்த்து எழுதி அனுப்பச் சொல்றாங்க. நீங்களே பாருங்க. என்னால முடியாது."

அதே அறை, அதே நாற்காலி. அஸ்மத் அம்மாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைவாயில் எச்சில் வழிய, ஜஹானாரா முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டாள். வாசலை அடைத்துக்கொண்டு மலை நின்றது.

"அஸ்மத்து, மேற்கு எதும்மா?" என்று தனம் கேட்டாள்.

அஸ்மத் தனத்தின் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜஹானாரா அவள் மோவாயைப் பிடித்து, மெதுவாக, மலைப் பக்கம் திருப்பிவிட்டாள். கையை எடுத்ததும் தலை மறுபடி சாய்ந்தது.

"ஒண்ணும் எழுதிடாதீங்க நர்சம்மா" என்றாள் ஜஹானாரா. "வேலூர்ல மருந்த ஜாஸ்தி பண்ணிட்டாங்க, அதான். மருந்துதான் தூங்குது, புள்ள தூங்கல. நீங்கதானே சொன்னீங்க."

தனம் பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"மேற்கு எதும்மா?"