ஐந்தரை மணிப் பந்தி

“அப்போ ஆறு மணிக்கு மேல வயிறு ஷட்டரை இறக்கிடுமா?”

“இறக்காது. உள்ள வேலை பார்க்கிறவங்க பாதிப் பேர் கிளம்பிடுவாங்க, அவ்வளவுதான். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்காம். காலையில வெளிச்சம் பட்டதும் சுறுசுறுப்பா ஓடுமாம், பொழுது சாயச் சாய மெதுவாயிடுமாம். ஒரே சாப்பாட்டைக் காலையில சாப்பிட்டா ஒழுங்கா செரிக்குது, ராத்திரி சாப்பிட்டா சர்க்கரையா ரத்தத்துலயே நிக்குதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு.”

“என் வயிறெல்லாம் ஓவர்டைம் பார்க்கும்.”

“உங்களுக்கென்ன, கல்லைத் தின்னாலும் கரைஞ்சுடும். சர்க்கரை ஏறுறது எனக்குத்தானே.”

மணி எட்டரை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு டம்ளர் வெந்நீரோடு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மேஜையில் ஒரே ஒரு தட்டு இருப்பதை அந்த வாரம்தான் முதலில் பார்த்தேன்.

நான் தையல்காரன். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அளவு கொடுக்கவும் தைத்ததை வாங்கவும் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார்கள். ஐந்திலிருந்து எட்டு வரை தலை நிமிர முடியாது. அவளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, வந்தது சரிதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஆறரைக்கு முடியும். நடுவில் ஐந்தரைக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், கடைசிச் சாப்பாட்டை ஐந்தரைக்கே முடித்துவிட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி. அவள் அம்மாவின் இரண்டு கண்ணையும் கொண்டுபோனது சர்க்கரைதான். அதனால் அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்.

“அங்க தனியாவா சாப்பிடறே?” என்று கேட்டேன்.

“லிஃப்ட்டு அண்ணன் இருக்காருல்ல. அவருக்கும் அதே டாக்டர், அதே அஞ்சரை. கிடங்குல ரெண்டே பேர்தான் இந்தக் கூத்து அடிக்கிறோம்.”

லிஃப்ட்டு என்பது கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஆறடி உயரம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்று வாய் வரை வந்தது. ஒரு கவளத்தை அள்ளிப் போட்டு அடைத்தேன்.

இரண்டு மாதம் போனது. அவள் யூனிஃபார்ம் சட்டைகள் தொளதொளவென்று ஆயின. மூன்றையும் நான்தான் பக்கத்தில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. “மெஷினாவது ஒண்ணாவது. நீங்க தைச்ச சட்டை சொல்லும் நான் இளைச்சேனா இல்லையான்னு,” என்பாள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே லிஃப்ட்டு கடைக்கு வந்தார். கையில் இரண்டு பேன்ட்.

“இடுப்புல நிக்க மாட்டேங்குது மாஸ்டர். வண்டியில ஏறும்போது ஒரு கையால பிடிச்சுக்க வேண்டியிருக்கு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?”

டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டேன். முப்பத்தெட்டு இருந்தது, முப்பத்தாறு ஆகியிருந்தது. சரியாக இரண்டு இஞ்சு. முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் என் மனைவியின் சட்டையில் பிடித்ததும் இரண்டு இஞ்சுதான். ஒரே நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே அளவு குறைந்திருக்கிறார்கள். டேப் என் கையில் அப்படியே நின்றது.

“மாஸ்டர், மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“விடுங்க.”

“உங்க வீட்டம்மா இல்லைன்னா நான் என்னைக்கோ இதை விட்டிருப்பேன். அஞ்சரை அடிச்சா டப்பா திறக்கிற சத்தம் கேக்கும். நான் எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன். என்ன, அவங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும். கதை சொல்லிட்டே சாப்பிடுவாங்க. முட்டையில மஞ்சக்கருவை மட்டும் கடைசிக்கு வெச்சுக்குவாங்க, பார்த்திருக்கீங்களா?”

நான் கவனித்ததில்லை. பதினோரு வருஷமாக அவள் முட்டை தின்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க நின்ற களைப்பில் நான் மளமளவென்று தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். என்னிடம் அவள் கதை எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

“அடுத்த வார வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க,” என்றேன்.

அவர் போனதும் காஜா அக்கா மூலையிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். பொத்தான் துளை போடுவதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் மட்டும் ஓயாது.

“முகம் ஏன் இஸ்திரி போடாத துணியாட்டம் இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா சாக்பீஸைக் கடிக்கிறே?”

கையைப் பார்த்தேன். உண்மைதான். சாக்பீஸில் பல் பதிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கும்போது, மூன்று சட்டைகளையும் அவள் யூனிஃபார்ம் பேன்ட்டையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இஸ்திரி போட என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் கால் இஞ்சு உள்ளே தள்ளித் தைத்தேன். பேன்ட் இடுப்பிலும் அப்படியே. பிறகு நிஜமாகவே இஸ்திரி போட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தேன். என் கையில் அவ்வளவு சுத்தமான வேலை வந்து வெகு நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். மேல் பட்டனைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

“ஏங்க, இது பிடிக்குதே.”

“துவைச்சா கொஞ்சம் சுருங்கும்.”

“ரெண்டு வருஷமா துவைக்கிறேன், இப்பத்தான் சுருங்குமா?” அடுத்த சட்டையை எடுத்துப் போட்டாள். அதுவும் பிடித்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “திரும்பி வருது. குறைஞ்சதெல்லாம் திரும்பி வருது.”

நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். “எல்லா உடம்புக்கும் இது ஒத்து வராதும்மா. பேசாம பழையபடி எட்டரைக்கே என்கூட சாப்பிடு. மாத்திரை இருக்கவே இருக்கு.”

அவள் அந்தச் சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்று ராத்திரி இரண்டு தட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்தது இல்லை. அவள் ஐந்தரையை விடவில்லை, காலைச் சாப்பாட்டைக் குறைத்தாள். முதலில் பாதி. பிறகு ஒரு வாழைப்பழம். புதன்கிழமை அதுவும் இல்லை, வெறும் டீயோடு மாத்திரை. “காலையிலதான் நிறைய சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாருல்ல,” என்றேன். “சாப்பிட்டேனே, அதான் சட்டை சொல்லுதே,” என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று சட்டையையும் வாங்கிக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் பிரித்திருக்கலாம். லிஃப்ட்டின் பேன்ட்டுகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, லிஃப்ட்டு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

“பெட்டியடுக்குப் பக்கத்துல சாஞ்சுட்டாங்க மாஸ்டர். சர்க்கரை குறைஞ்சுடுச்சுன்னு நினைக்கிறேன். இனிப்புத் தண்ணி குடுத்தேன், இப்போ தேவலை. வீட்டைவிட இது கிட்டன்னு இங்கயே கூட்டிட்டு வந்தேன்.”

அளவு எடுக்கிற அறையில் பெஞ்சில் படுக்க வைத்தோம். காஜா அக்கா கூட்டத்தைக் கலைத்தாள். “நாளைக்கு வாங்க, துணி எங்கயும் ஓடிடாது,” என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டாள். வந்து என் மனைவியின் சட்டைப் பட்டன்களைத் தளர்த்தினாள். தளர்த்தும்போது அவள் கை பக்கத் தையலில் நின்றது. விரலால் தடவி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். என் வேலையை மற்றவர் கண்டுபிடிப்பது கஷ்டம். பதினைந்து வருஷமாக என் தையலுக்கு நூல் பிசிறு வெட்டுகிறவளுக்குக் கஷ்டமே இல்லை.

“இது முதல்ல பிடிச்ச தையல் இல்லையே. நூல் புதுசா இருக்கு.” அடுத்த பக்கத்தையும் திருப்பினாள். “ரெண்டு பக்கமும். எப்ப தைச்சே?”

காஜா அக்கா என்னைப் பார்த்தாள், படுத்திருந்தவளைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பிஸ்கட் வாங்கி வருவதாகக் கிளம்பிப் போனாள்.

என் மனைவி கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள்.

“எவ்வளவு?” என்று கேட்டாள்.

“கால் இஞ்சு. பக்கத்துக்குக் கால் இஞ்சு.”

“மூணுலயுமா?”

“பேன்ட்டுலயும்.”

அவள் மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்தாள். “நாலு நாளா அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதிருக்கேன். நீங்க பக்கத்துலயே பல்லு விளக்கிட்டு நின்னீங்க.”

“நீ அவர்கூட சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடறியாம். கதை சொல்றியாம்.”

“அதுக்கா?”

“மஞ்சக்கருவைக் கடைசிக்கு வெச்சுக்குவியாமே.”

“அது ஊருக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியல.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கோபம் இருந்தது. வேறு எதுவோ வந்து அதன் மேல் உட்காரப் பார்த்தது, உட்காரவில்லை.

“எட்டரைக்கு எதிர்லதானே உக்காந்திருக்கேன், தினமும்.”

“உக்காந்திருக்கே. நான் சாப்பிடறதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கே. எனக்கு ஆஸ்பத்திரியில சாப்பிடற மாதிரி இருக்கு.”

“அப்போ நான் என்ன பண்ணட்டும்? எங்க அம்மாவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆகணுமா?”

“இல்ல.”

திரைக்கு வெளியே லிஃப்ட்டு தொண்டையைக் கனைத்தார். “அம்மா, அஞ்சரை ஆகுது. உங்க டப்பாவை எடுத்துட்டு வந்திருக்கேன். மெதுவா ஏதாவது சாப்பிடுங்க. மாஸ்டர், என் பேன்ட்டை நாளைக்கு வாங்கிக்கறேன், அவசரமில்ல.”

டப்பா திரைக்கு அடியில் தரையோடு நகர்ந்து வந்தது. அவர் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது. நான் டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திறக்காமல் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே யாரோ கடை மூடியிருக்கிறதா என்று கேட்டார்கள். நான் வெளியே போகவில்லை.

“நாளையிலிருந்து அஞ்சே காலுக்குக் கடையைச் சாத்தப் போறேன்,” என்றேன். “ஒரு மணி நேரம். வர்றவங்க காத்திருந்தா காத்திருக்கட்டும், போனா போகட்டும். நானும் டப்பா எடுத்துட்டு கிடங்குக்கு வரேன். அவரும் இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த பெஞ்சுல உன் பக்கத்துல எனக்கு ஒரு இடம் குடு.”