அப்பாவின் அளவுக்குச்சி

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அப்பா குச்சியை உறையிலிருந்து எடுத்தார். மகளுக்கு ஐந்து வயதானபோது, அவளுடைய முழங்கை பியானோக் கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி அளந்து, தன் தச்சுப்பட்டறையில் அறுத்த குச்சி. எந்த மேடையானாலும் ஸ்டூலுக்குக் கீழே அதை நிறுத்தி உயரம் வைப்பார். வாசிக்கும்போது இறங்கிவிடக் கூடாதென்று ஸ்டூலின் திருகை ஸ்பேனரால் முறுக்கியும் விடுவார்.

"அப்பா, இன்னிக்கு ரெண்டு விரல் அளவு இறக்கி வைங்க. உயரமா உட்காந்தா மெதுவா வாசிக்கறதுகூடத் தட்டுற மாதிரி கேக்குது."

"எட்டு வருஷமா கைத்தட்டு வாங்கிக் குடுத்த குச்சிம்மா. இன்னிக்கா கைவிடப்போகுது?"

"நான் வளந்துட்டேன்பா."

"போஸ்டர்ல பாப்பான்னுதானே போட்டிருக்கான்?" சிரித்தபடி மேடைக்குப் போய்விட்டார்.

அன்றைய நிகழ்ச்சியில் ஒரு மெதுவான இசைப்பாடத்தைச் சேர்க்கவே அவள் இரண்டு மாதம் அப்பாவிடம் மல்லுக்கட்டியிருந்தாள். முன்வரிசையில் பெரிய இசைக்குழு ஒன்றின் நடத்துனர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் பெரியவர்களோடு, தன் சொந்தப் பெயரில் வாசிக்கலாம். இல்லையென்றால் திரும்பவும் 'பாப்பா', திரும்பவும் தலையில் ரிப்பன்.

மேடையேறியதும் குனிந்து திருகைப் பிடித்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் முக்கினாள். அரங்கம் சிரித்தது, செல்லமான சிரிப்பு. யாரோ ஒரு அம்மாள், "அச்சச்சோ, பாவம்!" என்றாள். குனிந்திருந்தவளின் காது மடல் கொதித்தது.

உட்கார்ந்து வாசித்தாள். வேகமானவை எப்போதும்போல் ஓடின. மெதுவான பாடத்தில் தோளின் கனம் முழுக்க விரல்களில் வந்து இறங்கியது. மூச்சுப்போல வரவேண்டிய சுரம் கதவைத் தட்டுவதுபோல் வந்தது. ஒவ்வொன்றும் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசிச் சுரம் அடங்குவதற்குள் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நடத்துனர் மேடைக்கே வந்து கன்னத்தைக் கிள்ளினார். "பதிமூணு வயசுல இப்படியா! அடுத்த வருஷம் எங்க குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நீதான்."

"அந்த மெதுவான பாடம்..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கெல்லாம் இன்னும் வயசு இருக்கும்மா."

அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. "பாத்தியா? குச்சி!" ஸ்பேனர் இருந்த கருவிப்பையை அவள் மடியில் போட்டுவிட்டு, பாராட்டியவர்களோடு வாசல்பக்கம் போனார்.

அரங்கம் காலியாகும்வரை அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். திருகு கிறீச்சிட்டுத் தளர்ந்தது. இரண்டு விரல் அளவு இறக்கினாள். உட்கார்ந்ததும் தோள்கள் தாமாகவே தாழ்ந்தன.

மெதுவான பாடத்தை முதலிலிருந்து வாசித்தாள். சுரங்கள் ஒன்றையொன்று தொட்டுத்தொட்டுக் கரைந்தன. இதைத்தான் இரண்டு மாதமாகக் காதுக்குள் வைத்திருந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பாப்பா," என்றாள் அந்தப் பெண், வாசித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்தபடி. "என்னமா வாசிக்கறே! எத்தனை வயசு உனக்கு?"

"நாப்பது" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் ஸ்பேனரைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.