உங்க வீட்டுப் பொண்ணு

ஷர்மிளா செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் டில்லிபாபு கேட்டுவிட்டான்.

"வுட்டுட்டாங்களா?"

"இன்னாண்ணா புதுசா கேக்கற? தெனமும் அஞ்சரைக்கு வுடறது தானே."

அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் பில் போடுகிறாள். எல்லா நாளும் வருவது போலத்தான் வந்திருந்தாள். முகத்தில் பஸ் தூசி, தோளில் கைப்பை, கையில் தோசை மாவு பாக்கெட்.

"வாங்கினு வரவான்னு மெசேஜ் போட்டேன், பதிலையே காணோம். சரின்னு நானே வாங்கினு வந்துட்டேன். இந்தாங்க அண்ணி."

சமையலறை வாசலில் நின்ற பவித்ரா கையை நீட்டவில்லை. டில்லிபாபுவின் மனைவி அவள். "மொதல்ல தலைக்கு ஊத்திக்கினு வா. அப்பால உள்ள வரலாம்" என்றாள். பிறகு மகளின் அறைப் பக்கம் திரும்பி, "நிஷா, வெளிய வராத" என்று குரல் கொடுத்தாள்.

ஷர்மிளா மாவு பாக்கெட்டை நாற்காலிமேல் வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நடந்துது? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்க."

டில்லிபாபு சொன்னான். தங்கையிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஆனாலும் சொன்னான்.

மேனாம்பேட்டில் அவனுக்குப் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவன் நாற்காலிகளில்தான் ஊர் உட்காரும். மதியம் வளைகாப்புக்கு நாற்காலி கேட்டு வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அழைத்தவனின் படத்தில் காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரங்கள். பின்னால் ஒயர்லெஸ் கரகரத்தது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். பூந்தமல்லி ரோட்டுல ஒரு லாட்ஜ்ல ரெய்டு. உங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு மாட்டியிருக்கு."

டில்லிபாபு அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அவன் வீட்டில் பெண்கள் மூன்று பேர். பவித்ரா சேக்காட்டில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நிஷா கல்லூரிக்குப் போயிருந்தாள். ஷர்மிளா வேலைக்குப் போயிருந்தாள். மூன்று பேரில் யார் என்று அவன் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"ஷர்மிளாவா சார்?"

அந்தப் பக்கம் ஒயர்லெஸ் இன்னொரு முறை கரகரத்தது. பிறகு, "ஆமா. ஷர்மிளாதான். கல்யாணம் ஆனதா?"

"புருஷன் இல்ல சார். தவறிப்போய் நாலு வருஷம் ஆவுது."

"அதான் பார்த்தேன்" என்றது குரல்.

அந்த வார்த்தை அவனுக்கு நியாயமாகவே பட்டது. அவனும் நாலு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும், போனில் சிரித்தாலும், பஸ் தவறி நேரம் கழித்து வந்தாலும் அவன் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. மனதுக்குள் போட்டு வைத்துக்கொண்டான். நான் பயந்தபடியே ஆயிற்று என்று நினைத்தபோது பயத்தைவிட ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. அதை நினைக்க இப்போது அவனுக்கே கூசியது.

பத்திரிகைக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள், பெயர் போடாமல் விட வேண்டும் என்றால் உடனே பணம் அனுப்பு என்றது குரல். லைனைத் துண்டிக்காதே. யாரிடமும் பேசாதே. அவள் போன் எங்களிடம் இருக்கிறது, அதிலிருந்து எது வந்தாலும் தொடாதே. டில்லிபாபு சொன்னபடியெல்லாம் செய்தான். நாற்காலி கேட்டு வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அனுப்பியது ஷர்மிளாவின் பணம். அவள் புருஷன் லாரி மோதிச் செத்ததற்கு வந்த இழப்பீடு. தனியாய் இருக்கிற பொம்பளை கையில் அது எதற்கு என்று அண்ணன் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துப் போய்விடுகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ஊர் இன்னா பேசும்?" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவான்.

எல்லாவற்றையும் சொன்னவன் ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னான்.

"அந்தாளு உன் பேரைச் சொன்னாம்மா. ஷர்மிளான்னு பேரு சொல்லித்தான் கேட்டான். நான் இன்னா பண்ணுவேன்?"

ஷர்மிளா அழவில்லை. அவன் போனை எடுத்து, மதியம் தான் அனுப்பிய குரல்பதிவைத் தேடி அழுத்தினாள். யாரும் கேட்காமல் அது அப்படியே கிடந்தது.

'அண்ணா, மாவு தீந்துபோச்சுன்னு அண்ணி காலைல சொன்னாங்க. வாங்கினு வரவா? நிஷாவுக்கு இன்னா வோணும்னு கேளு.' பின்னால் மெஷின் சத்தம். யாரோ எதற்கோ சிரிக்கிற சத்தம்.

"ஒரு போன் அடிச்சிருந்தா எடுத்திருப்பேனே, அண்ணா. டேபிள் மேலதான் கெடந்துது."

அவள் 1930-ஐ அழைத்தாள். சைபர் குற்றப் புகார் எண் என்று கம்பெனிச் சுவரில் ஒட்டியிருந்ததைத் தினமும் பார்க்கிறவள். டில்லிபாபுவின் போனைப் பார்த்து, பணம் போன கணக்கையும் நேரத்தையும் நிதானமாகச் சொன்னாள். முடக்கப் பார்க்கிறோம், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

"கெளம்புண்ணா. உன் அக்கவுண்ட், நீதான் வரணும்."

"வுட்டுடு ஷர்மி. போனது போவட்டும். வெளிய தெரிஞ்சா உன் பேருதான் கெடும்."

"வயசுப் பொண்ண ஊட்ல வெச்சிகினு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாங்களா?" என்றாள் பவித்ரா.

"மதியமே என்னை லாட்ஜ் படி ஏத்தி வுட்டுட்டீங்களே அண்ணி. ஸ்டேஷன்ல இன்னா புதுசா கெடப்போவுது?"

ஸ்கூட்டரில் போகும்போது அவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். "கம்பெனில எவனோதான் என் பேரைக் குடுத்திருக்கான்ண்ணா. புதுசா வந்த சூப்பர்வைசரு மேலதான் எனக்கு டவுட்டு. மாட்டட்டும் அவன்."

டில்லிபாபு ஹாரன் அடித்தான். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

ஸ்டேஷனில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கம்ப்யூட்டர் முன் இருந்தார். பெஞ்சில் செயின் பறிகொடுத்த ஒரு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் முறைக்குக் காத்திருந்தார்கள். டில்லிபாபு குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல அவர் தட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று விரல்கள் நின்றன.

"பேரு அவன் சொன்னானா, நீங்க சொன்னீங்களா?"

"அவன்தான் மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இதே மாதிரி நிறைய வந்திருக்கு. இந்தக் கும்பலுக்கு யார் பேரும் தெரியாது. 'உங்க வீட்டுப் பொண்ணு'ன்னு சொல்லி நிறுத்திடுவானுங்க. மிச்சத்த வீட்டுக்காரங்களே ரொப்பிடுவாங்க. ஒரு வீட்ல டைவர்ஸ் ஆன பொண்ணு பேரு வந்துது. இன்னொரு வீட்ல வேற சாதியில இருந்து வந்த மருமக பேரு." அவர் டில்லிபாபுவை நேராகப் பார்த்தார். "உங்க வீட்ல?"

டில்லிபாபு தன் கால் கட்டை விரலைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேன்."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. ஷர்மிளா அவன் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் நிமிரவில்லை.

"போலீஸ் போன்ல காசு கேக்காது சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் இதைப் பலமுறை சொல்லிச் சலித்திருந்தார். "லைன கட் பண்ணாதேன்னு ஒருத்தன் சொன்னா மொதல்ல கட் பண்ணணும். அவங்ககிட்ட பேசாதேன்னு சொன்னா அவங்களுக்குத்தான் மொதல்ல போன் போடணும். ஒரே ஒரு கால். இவங்க எடுத்து ஹலோன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஏன் போடல?"

அதற்கு டில்லிபாபுவிடம் பதில் இருந்தது. அந்த இடத்தில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

அச்சான தாளை அவர் நீட்டினார். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"சத்தமா படிண்ணா" என்றாள் ஷர்மிளா.

பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவன் தாளை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தான். தன் பெயர், தகப்பன் பெயர், தெரு. மதியம் வந்த அழைப்பு. காக்கிச் சட்டைப் படம். எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது.

"...எனது வீட்டைச் சேர்ந்த பெண் என்று மட்டுமே அந்த நபர் கூறினார். எனது தங்கை ஷர்மிளாவின் பெயரை..."

மீதி வரி அவன் உதட்டுக்குள்ளேயே போயிற்று. அவசரமாகத் தாளை மேசையில் வைத்துப் பேனாவுக்குக் கை நீட்டினான்.

ஷர்மிளா பேனாவை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வரி காதுல வுழல. இன்னொரு வாட்டி படிண்ணா."