சத்தமாய்ச் சொன்ன பிள்ளை

காலை மணி அடித்ததும் குளத்தடிப் பாடசாலைப் பிள்ளைகள் முற்றத்து மணலில் வரிசை கட்டினார்கள். தலைமையாசிரியர் யோகலிங்கம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, எல்லோரும் நெஞ்சில் கைவைத்துத் திருப்பிச் சொன்னார்கள்.

"இந்த நாடு என் தாய். நான் இந்த நாட்டின் பிள்ளை. உயிருள்ளவரை இதற்கு உண்மையாய் இருப்பேன்."

பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கப் புதிதாக வந்த வட்டார வித்தியாதரிசியின் உத்தரவு அது. உறுதிமொழி சொல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. சொல்லவைக்காத ஆசிரியர் இடமாற்றத்தை மறந்துவிடலாம் என்று அவர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். யோகலிங்கம் பயந்தது அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான். இந்தப் பக்கத்துக் காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து மனைவி கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டாள். மாற்றம் கிடைத்தால்தான் அவருக்குக் குடும்பம்.

ஐந்தாம் வகுப்பு வரிசையில் மாரியாயியின் வாய் மட்டும் அசையவில்லை. ஆறேழு வருடங்களுக்கு முன் கலவரத்தின்போது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இங்கே வயல்களில் கூலிவேலை செய்யும் காளிமுத்துவின் மகள் அவள். கணக்கில் கெட்டிக்காரி. வகுப்பாசிரியை கமலாசனிக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

யோகலிங்கம் அவளைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். பிரம்பு கையில் இருந்தது.

"ஏன் பிள்ளை நீ வாய் திறக்கேல்லை?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"என்ன பொய்?"

"அப்பா பிரஜாவுரிமை கேட்டுப் போனாரு சார். நீ இந்த நாட்டு ஆளு இல்ல, இந்தியாவுக்குப் போன்னு சொல்லிட்டாங்களாம். அப்பாவும் இங்கதான் பொறந்தாரு, நானும் இங்கதான் பொறந்தேன். அவங்க இல்லங்கிறாங்க. நான் எப்படி சார் ஆமான்னு சொல்றது?"

 அவருக்குப் பதில் தெரியாதபோது வரும் கோபம் வந்தது. பிரம்பு அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது.

"உந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். நாளைக்குச் சொல்லாட்டி பள்ளிக்கூடத்துக்கு வராதை."

பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க அவளால் முடியாது. மறுநாள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் குரல்தான் உரத்துக் கேட்டது. நாட்கள் போகப்போக அவள் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். கமலாசனி மட்டும் அந்த நேரங்களில் தலையைக் குனிந்துகொள்வாள்.

மாரி மழை விட்ட ஒரு காலையில், இந்தியாவிலிருந்து களவாய்த் தோணியில் வந்த 'கள்ளத்தோணி'களைப் பிடிக்கிறோம் என்று பொலிஸ் லொறி ஒன்று ஊருக்குள் வந்தது. வயலில் நின்ற காளிமுத்துவையும் மனைவியையும் சேற்றுக் காலோடு ஏற்றினார்கள். பிறகு லொறி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. மாரியாயியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்த சார்ஜன் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் கையை வைத்தாள்.

"இந்த நாடு என் தாய். நான் இந்த நாட்டின் பிள்ளை..."

பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இதுகள் போன மாசம் வள்ளத்திலை வந்திறங்கின ஆக்கள் எண்டு ஆரோ அறிவிச்சிருக்கினம். இஞ்சை கனகாலம் இருக்கிற சனம் எண்டு நீங்கள் சொன்னால் நான் விட்டிட்டுப் போறன்."

அரிவரி வகுப்பில் அவளுக்கு 'அ' எழுதப் பழக்கியவர் யோகலிங்கம்தான். ஆனாலும் இவர்களுக்காகப் பேசினால் மாற்றம் போய்விடும் என்ற பயத்தில் வித்தியாதரிசியின் முகம் அவர் கண்முன் வந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு வாறது தெரியும். மற்றது ஒண்டும் எனக்குத் தெரியாது."

மாரியாயி அவரைப் பார்த்தாள். அழவில்லை. தானாகவே நடந்துபோய் லொறியில் ஏறினாள்.

அடுத்த கிழமை வித்தியாதரிசி பார்வையிட வந்தார். பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துக் காத்து நின்றார்கள். யோகலிங்கம் வாயைத் திறந்தார். முதல் வரி வரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரிசையில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. அந்த இடத்தை ஒருவரும் நெருங்கி நின்று மூடவில்லை.

"என்ன மாஸ்டர், வசனம் மறந்துபோச்சோ? உமக்கு மாற்றம் வேண்டாமோ?"

"வேண்டாம் சேர்." அவர் அந்த இடைவெளியைக் கையால் காட்டினார். "நான் இந்த நாட்டின் பிள்ளை எண்டு இந்த முற்றத்திலை ஒரு பிள்ளையை அடிச்சுச் சொல்ல வைச்சன். அது நம்பிச் சொன்னது. 'ஓம், நீ எங்கடை பிள்ளை' எண்டு அதுக்குச் சொல்ல வேண்டிய நேரத்திலை நாடு லொறியை அனுப்பினது, நான் தெரியாதெண்டு சொன்னன். நாட்டுப்பற்றைப் பிரம்பாலை வரவைக்கேலாது சேர். முதலிலை நாடு பிள்ளைக்கு உண்மையாய் இருக்கோணும். அதுக்குப் பிறகுதான் பிள்ளையிட்டை உறுதிமொழி கேக்கலாம்."