பல் மருத்துவமனை மட்டும் ஒத்துப்போனது

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வங்கியில், ஒரே மாடியில், எதிரெதிர் கோஷ்டியில் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று அண்ணியின் கணவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தங்கை. பாவம், மனிதர் சாப்பாட்டு மேசையில் சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறப்பார்.

இருவருக்கும் தொழில் ஒன்றுதான். கடன் வாங்கியவர்களில் யார் கட்டாமல் போவார்கள், ஒருவர் விழுந்தால் கூடவே யாரை இழுத்துக்கொண்டு விழுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது. நாத்தனாரின் குழு அதைச் சாதாரணக் கணினியில், பகடை உருட்டுவதுபோல லட்சக்கணக்கான தடவை ஒத்திகை பார்த்துச் சொல்லும். அண்ணியோ குவாண்டம் கணினியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவாண்டம் பிட். கட்டுவார், கட்டமாட்டார் என்ற இரண்டு நிலையும் அதில் கலந்தே இருக்கும். அப்படி எல்லாச் சாத்தியங்களையும் ஒன்றாகப் பின்னிவைத்தால், கொஞ்சம் ஒத்திகையிலேயே விடையை எட்டிவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. இயந்திரம் வேறெங்கோ இருந்தது. இவள் இங்கிருந்து கேள்வி அனுப்புவாள். அங்கிருந்து பூஜ்யங்களும் ஒன்றுகளுமாகப் பதில் வரும்.

முதல் சோதனைக்கு எடுத்தது ஐந்தே கடன். சலவைக்கடை, அச்சகம், பல் மருத்துவமனை, பேக்கரி, பஸ் கம்பெனி. "அஞ்சுக்கு ஒரு கை போதுமே அண்ணி, மெஷின் எதுக்கு?" என்று நாத்தனார் கேட்டதை அண்ணி இன்னும் மன்னிக்கவில்லை.

சோதனை முடிவைக் கடன் பிரிவுத் தலைவர் முன்னால் வைக்கும் நாள் வந்தது. உட்காராமலே கையெழுத்துப் போடுகிறவர் என்பதால் எல்லோரும் அவரை 'அவசரம்' என்பார்கள். முடிவு பிடித்தால் பணம் தொடரும். பிடிக்காவிட்டால் அண்ணியின் குழுவுக்கு அன்றோடு மூடுவிழா. அண்ணிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நல்லபடியாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பிய சலவைக்கடைதான் முதலில் விழும் என்றது அவளுடைய இயந்திரம். தடுமாறுகிறதென்று நினைத்த பஸ் கம்பெனி கல்லுப்போல நிற்குமாம். 'பழைய முறைக்குத் தெரியாதது' என்று தலைப்பே போட்டுவிட்டாள். காலையிலேயே வழக்கப்படி இரண்டு குழுவுக்கும் அனுப்பியும் விட்டாள்.

கழிவறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் உள்ளே வந்தாள்.

"குத்தம் கண்டுபிடிக்க வந்தியா?" என்றாள் அண்ணி.

"ஆமா" என்றாள் நாத்தனார். "சலவைக்கடை எங்க கணக்குல நிக்குது, உங்களதுல கவுந்து கெடக்குது. பஸ் கம்பெனி அப்படியே தலைகீழ். அச்சகமும் பேக்கரியும் அதே கதைதான். சரி, புது மெஷின், புதுசா என்னமோ தெரிஞ்சிருக்குன்னே வெச்சுக்குவோம். நடுவுல இருக்கற பல் ஆஸ்பத்திரி மட்டும் எப்படி எங்களோட அச்சு அசலா ஒத்துப்போகுது?"

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இயந்திரம் முதல் பிட்டை வலது கோடியில் எழுதும். இவள் நம் எழுத்தை வாசிப்பதுபோல இடமிருந்து வாசித்துவிட்டாள். முதல் கடன் கடைசியாகவும், கடைசிக் கடன் முதலாகவும் போய்விட்டன. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் நடுவில் இருப்பது நடுவில்தானே இருக்கும்? வாசிக்கும் திசையைக் கவனி என்பது இந்தத் துறையில் நுழைகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற எச்சரிக்கை. அதிசயத்தின்மேல் ஆசை வந்துவிட்டால் கண் எங்கே தெரிகிறது!

"இத எல்லார் முன்னாடியும் நீ கேட்டிருக்கலாம்" என்றாள், முகத்தைக் கழுவிக்கொண்டே.

"கேக்கணும்னு கொள்ளை ஆசை. சீட்ட விட்டு எந்திரிக்கற வரைக்கும் அந்த எண்ணந்தான்." நாத்தனார் கைதுடைக்கும் காகிதத்தை உருவி நீட்டினாள். "வீட்ல உங்கள நான் ஆயிரம் சொல்லுவேன். அடுத்தவன் சிரிக்கறதுக்கு நானே எடுத்துக் குடுக்கணுமா? மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போய்த் திருத்துங்க."

நிரலில் திருத்த ஒரே ஒரு வரிதான். திருப்பி வாசித்ததும் ஐந்தும் பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டன. அதிசயம் எதுவும் மிஞ்சவில்லை. அண்ணி தலைப்பை அழித்துவிட்டு, 'அதே விடை, குறைந்த ஒத்திகையில்' என்று போட்டாள்.

கூட்டத்தில் அவசரம் நின்றபடியே கேட்டார். "பரவால்லையே. விடை ஒண்ணுதான்னா பழைய குழு எதுக்கு? அத மூடிட்டு அந்தப் பணத்தையும் நீங்களே எடுத்துக்கலாமே?"

பழைய குழுவின் தலைவியான நாத்தனார் மேசையின் மறுகோடியில் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அண்ணி தலையாட்டினால் போதும், கேட்டதெல்லாம் கிடைத்துவிடும்.

"சார், காலையில ரெண்டு குழுவுக்கும் நான் அனுப்பினது தப்பு" என்றாள் அண்ணி. "விடைய பின்னாலேருந்து வாசிச்சிட்டேன். அது அப்படியே உங்ககிட்ட வந்திருந்தா, அந்தச் சலவைக்கடைக்காரருக்கு இனிமே கடனே இல்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்க. அந்தத் தப்பப் பிடிச்சது அவங்க. பழைய கணக்கு பக்கத்துல இல்லாம என் மெஷின நானே நம்ப மாட்டேன். மூடறதுன்னா ரெண்டையும் மூடிருங்க சார்."

அவசரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள். முழுக்கதையையும் கேட்டார். சலவைக்கடைக் கதையை இரண்டு தரம் கேட்டார். பிறகு, "சரி, ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணு சொல்றத இன்னொண்ணு பாத்துத்தான் எங்கிட்ட வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் தனக்கு இவ்வளவு பெரிய நல்லதை யாரும் செய்ததில்லை என்று சொல்ல நினைத்தாள். கண்தான் முந்திக்கொண்டது.

"ஐயோ, அழாதீங்க அண்ணி" என்று நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் குரலும் சரியாக இல்லை. "பாக்கறவங்க நாத்தனார் கொடுமைன்னு நெனைக்கப்போறாங்க."

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். லிஃப்ட் வரும்வரை அந்தக் கொடுமைக்காரியின் கையை அவள் விடவே இல்லை.