பாலாற்றில் தண்ணீர் வந்த ஞாயிறு

செவிலிமேடு பாலத்தில் அன்று நிற்க இடமில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் ஆறு என்றால் தண்ணீர் ஓடும். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் ஓடினால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பஜ்ஜிக் கடையும் பலூன்காரரும் தண்ணீருக்கு முன்பே வந்துவிட்டார்கள் போலிருந்தது.

என் கணவர் தாவீதுக்குப் பெருமை தாங்கவில்லை. தானே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தது போல, ஐந்து வயது மகள் அனுவைத் தோளில் தூக்கிக் காட்டினார். ஞாயிறுதோறும் அவளை இதே ஆற்றுக்குக் கூட்டிவந்து, மணலில் பந்து விளையாட விடுகிறவரும் அவர்தான்.

"பாரும்மா, ஆறு எப்படி ஓடிக்கினு இருக்குது! நல்லா பாத்துக்கோ. இனிமே நீ காலேஜ் போறப்பதான் வரும்."

அனு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள். உதடு பிதுங்கியது.

"என்னமா, பயமா இருக்குதா?"

"இல்லப்பா. நம்ம ஆத்த காணோமே. தண்ணில முழுகிடுச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளோ ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். தாவீது பதறிப்போய் அவளைக் கீழே இறக்கிக் கண்ணைத் துடைத்தார்.

"அழுவாதமா. பத்து நாள்ல தண்ணி வத்திடும். நம்ம ஆறு வந்துடும்."